வீட்டுக்கும் ஒரு நாள் குறிப்போம்



புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் அக்டோபர் 20-ஆம் தேதிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. ஏரியும் குளமும் கிணறும் நிறைய அந்த மழையைத்தான் நம்பியிருக்கிறோம். ஆனால் பல வீடுகளில் அதை எதிர்பார்க்கும்போதே மனதுக்குள் ஒரு கலக்கமும் எழுகிறது. போன ஐப்பசியில் பக்கெட் வைத்த அதே இடத்தில் இந்த வருடமும் ஒழுகுமோ? இடி இடித்தால் ஃபிரிட்ஜ் தாங்குமோ? மோட்டார் ஓடுமோ?

அதனால் இந்த மாதம் வீட்டைக் காப்பதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். வீடு கட்டுவதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், நிறைய எழுதியும் விட்டோம். கட்டிய வீட்டைக் காப்பதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு வீடு என்பது வாழ்நாள் சேமிப்பு. 20 வருடக் கடன், அடகு வைத்த நகை, விற்ற காணி, இத்தனையும் சேர்ந்துதான் நான்கு சுவராகவும் ஒரு தளமாகவும் நிற்கின்றன. மாத பட்ஜெட்டில் மளிகைக்கு இடம் இருக்கிறது. பாலுக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, கரண்ட் பில்லுக்கு, கடன் தவணைக்கு இடம் இருக்கிறது. மாடித் தளத்துக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் அதில் ஒரு வரி கிடையாது. அவை பழுதாகும் நாளில் வரும் செலவைத் திடீர்ச் செலவு என்கிறோம். உண்மையில் அது திடீரென்று வந்த செலவே இல்லை. பல வருடங்களாக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரே நாளில் கதவைத் தட்டிய செலவு.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கூரை வீடுகளில் மழைக்கு முன்பே கீற்று மாற்றுவார்கள். ஓட்டு வீடுகளில் குரங்கும் பூனையும் உடைத்த ஓடுகளைப் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றி, மறுபடி அடுக்குவார்கள். பொங்கலுக்குச் சுவரில் வெள்ளை ஏறும். கோயில்களுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் மரபு இருக்கிறது. கோபுரத்தில் முளைத்த செடிகளைப் பிடுங்குவதும், விரிசலை அடைப்பதும், சிலையின் பீடத்தில் அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துவதும் அந்தத் திருப்பணிக்குள் அடக்கம். கல்லால் கட்டிய கோயிலுக்கே காலம் குறித்துப் பழுது பார்த்த சமூகம் நம்முடையது. கான்கிரீட் வீடு வந்ததும், இதற்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. கூரை மாற்ற ஒதுக்கியிருந்த நாள் நம் காலண்டரிலிருந்து காணாமல் போனது அப்போதுதான்.

கான்கிரீட்டுக்கு என்ன ஆகும் என்று கொஞ்சம் பார்ப்போம். தளத்துக்குள் இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றுவது அதைச் சுற்றியுள்ள கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. அந்த நிலையில் ஈரமும் போய்ச் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, அது உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். உள்ளே வீங்கும் கம்பி வெளியே இருக்கும் காரையைத் தள்ளுகிறது. சீலிங்கில் நீளவாக்கில் ஒரு கோடு தெரியும், பிறகு உப்பும், ஒருநாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதன் கீழே கட்டிலில் குழந்தை படுத்திருக்கலாம். பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மறைத்தால் இந்தக் கோடு போய்விடாது.

ஆகவே ஈரத்தை மேலேயே நிறுத்துவதுதான் முதல் வேலை. அதற்காகத்தான் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, வாட்டம் விட்டு, அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்த அந்தக் கலவை வெயிலையும் தடுத்தது, மழையையும் தடுத்தது. இன்று பொருட்கள் மாறியிருக்கின்றன. ரசாயனப் பூச்சு, வெள்ளை நிறக் கூலிங் டைல் என்று பல வந்துவிட்டன. எதைப் போட்டாலும் அடிப்படை ஒன்றுதான்: விழுந்த தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும்.

தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1,000 சதுர அடி மாடியில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் தேங்கினால் அதன் எடை 2,300 கிலோவுக்கும் மேல். நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டிகள் இரண்டைத் தூக்கி வைத்ததைவிட அதிகம். ஒரு கைப்பிடி வேப்பிலைச் சருகு மழைநீர்க் குழாயின் வாயை அடைத்தாலே இது நடந்துவிடும். அந்தச் சருகை அள்ளிப்போட ஒரு துடைப்பம் போதும்.

இந்த வாரம் ஒரு காலை வேளையில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். குழாய் வாய்கள் திறந்திருக்கின்றனவா? தட்டோடுகளின் இடைவெளியில் பூசிய கலவை பெயர்ந்திருக்கிறதா? தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் விரிசல் ஓடுகிறதா? பெரும்பாலான ஒழுகல் அந்த மூலையிலும், குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்திலும்தான் தொடங்குகிறது. சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே கிள்ளிவிட்டு வந்துவிடாதீர்கள். வேரோடு எடுத்து அந்த இடத்தைப் பூச வேண்டும். வேர் உள்ளே இருந்தால் அடுத்த மழையில் இன்னும் பலமாக எழும். பூந்தொட்டிகளைத் தரையோடு வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். கீழே சீலிங்கில் ஈரம் படிந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். தளத்துக்குள் புகுந்த நீர் தன் வழியே ஓடி, எங்கோ தள்ளித்தான் கீழே சொட்டும். அதைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள கொத்தனாரின் கண் வேண்டும்.

தட்டோட்டு இடுக்குகளை அடைப்பது ஓரிரு நாள் வேலை. அதைத் தள்ளிப்போட்டு, ஈரம் இறங்கி, கம்பி துருப்பிடித்த பிறகு செய்யும் வேலை வேறு. பழைய தட்டோட்டை உடைத்து இறக்க வேண்டும், கம்பியைச் சுரண்ட வேண்டும், புதிதாகப் பூச வேண்டும், பிறகு கீழே பெயின்ட்டும் அடிக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத் தாமதத்துக்கும் செலவு அடுத்த படிக்கு ஏறுகிறது.

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அதற்கான தொட்டி அப்போது கட்டியதோடு சரி. அதன் கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுவதும் மாடி வேலையின் பகுதிதான். மாடியைக் கூட்டிவிட்டால், ஓடி வரும் தண்ணீர் சுத்தமாக நிலத்தில் இறங்கும். இன்னொன்று: பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024-இல் வந்த பிறகு சோலார் பேனல் வைக்கப் பலரும் ஆர்வமாக இருக்கிறார்கள். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்பவர்களுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசின் மானியம் உண்டு. பேனல் 25 வருடம் உழைக்கும். அதைப் பூட்டுவதற்கு முன்பே தளத்தின் ஒழுகலைச் சரிசெய்துவிடுங்கள். பிறகு அதன் அடியில் வேலை பார்ப்பது இரட்டைச் செலவு.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேல்மாடிக்காரர் வீட்டில் ஒழுகினால் அது அவர் தலைவிதி என்று மற்றவர்கள் ஒதுங்குவதைப் பார்க்கிறோம். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது; அதன் செலவும் பொது. புதிய குடியிருப்பு என்றால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் துணைக்கு இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து தெரிவித்தால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டியது கட்டியவரின் கடமை. எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில், கட்டடத்தின் பெரும் பழுதுகளை வீட்டுக்காரரும் அன்றாடச் சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்பவரும் பார்த்துக்கொள்வது முறை. ஒப்பந்தம் போடும்போதே எது யாருடையது என்று எழுதிவிட்டால், பிறகு மனக்கசப்புக்கு இடம் இருக்காது.

இனி வீட்டுக்குள் வருவோம். சாதனங்களுக்காக நம் பண்பாடு ஏற்கெனவே ஒரு நாளைக் குறித்துத் தந்திருக்கிறது. அது ஆயுத பூஜை. மழைக்குச் சற்று முன்னால், சரியான நேரத்தில் வருகிறது. மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். இந்த வருடம் அந்தத் துடைப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோவோம். ஆயுத பூஜை கொண்டாடாத வீடுகள் தங்களுக்கு உகந்த வேறொரு நாளை வைத்துக்கொள்ளட்டும். நாள் எதுவானாலும் ஒன்று இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஃபிரிட்ஜ் இரவும் பகலும் வேலை செய்யும் சாதனம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்னால் கறுப்புக் கம்பிச்சுருள் வெளியே தெரிந்தால் அதிலுள்ள தூசியைப் பிரஷால் தட்டிவிடுங்கள். சுவரோடு ஒட்டியிருந்தால் சற்று நகர்த்துங்கள். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும், கரண்ட்டும் கூடும். கதவின் ரப்பர் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு தாளை இடையில் வைத்துச் சாத்தி இழுங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஏ.சி.யின் ஃபில்டரை உபயோகிக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவலாம். 24 டிகிரியில் வைத்துப் பழகுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் கட்டண விகிதமே மாறிவிடுகிறது என்பதால், எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இந்தச் சிறு சேமிப்பு பெரிய வித்தியாசம்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கீஸருக்குள் உப்பு படிந்து, தண்ணீர் சூடாவதும் தாமதமாகும், கம்பி சீக்கிரம் எரிந்தும் போகும். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மக்னீசியத் தண்டு இருக்கிறது. தொட்டிக்குப் பதிலாகத் தானே கரைவதுதான் அதன் வேலை. சர்வீஸுக்கு வருபவரிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயின் முனையில் ஒரு சிறு சல்லடை இருக்கும், அதையும் கழுவ வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

இரண்டு விஷயங்கள் உயிரோடு தொடர்புடையவை. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சாதனம் இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே கண நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. அதில் உள்ள 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்; சுவிட்ச் விழுந்தால் நலமாக இருக்கிறது. விழாவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கருவியே இல்லாவிட்டால், வேறெந்தச் செலவுக்கும் முன்னால் அதைப் போடுங்கள். ஈரச் சுவரும் கசியும் கரண்ட்டும் சேரும் மழைக்காலத்தில் இது தாமதிக்கக் கூடாத செலவு. அடுத்தது, கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய். 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; குழாயின் மேலேயே வருடம் அச்சிட்டிருக்கும். கேஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பழுதானால் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. பழுதுக்கான செலவு புதியதன் விலையில் பாதிக்குக் கீழே இருந்து, சாதனமும் தன் ஆயுளில் பாதியைத் தாண்டாமல் இருந்தால் சரிசெய்வதே நல்லது என்பது என் கருத்து. உதிரிபாகம், சர்வீஸ் விவரங்களை வாடிக்கையாளர் அறிந்துகொள்ள 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. வாரண்டி இருந்தும் அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். இனி ஆகாது என்ற பொருளைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். பழைய பொருட்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன.

சரி, இதற்கெல்லாம் பணம்? ஒரு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் விலையையும் அது உழைக்கும் வருடங்களால் வகுத்து எழுதுங்கள். ஓர் உதாரணம் தருகிறேன். 30,000 ரூபாய் ஃபிரிட்ஜ் 12 வருடம் என்றால் வருடத்துக்கு 2,500. 40,000 ரூபாய் ஏ.சி. 10 வருடம் என்றால் 4,000. 24,000 ரூபாய் வாஷிங் மெஷின் 10 வருடம் என்றால் 2,400. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், கீஸர், மோட்டார் எல்லாம் சேர்த்து 36,000, அவையும் 10 வருடம் என்று வைத்தால் வருடம் 3,600. ஆக 12,500. 12 வருடத்துக்கு ஒருமுறை மாடித் தளத்தின் பெரிய வேலைக்கு 60,000 என்றால் வருடம் 5,000. சர்வீஸ், சில்லறைப் பழுதுகளுக்கு இன்னொரு 5,000. மொத்தம் 22,500, மாதத்துக்கு 1,875 ரூபாய். உங்கள் ஊர் விலையையும் உங்கள் வீட்டுச் சாதனங்களையும் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். ஏ.சி. இல்லாத வீட்டுக்கு இன்னும் குறையும். வரும் தொகையைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பாகப் போட்டுவிடுங்கள். முழுத் தொகை முடியாவிட்டால் பாதியில் தொடங்குங்கள். நாளை ஃபிரிட்ஜ் நின்றால் கிரெடிட் கார்டைத் தேட வேண்டியதில்லை.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 2021 ஏப்ரலில் அறிமுகமான பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி புயல், வெள்ளம், தீ போன்ற இழப்புகளுக்குக் கை கொடுக்கும். வெள்ளம் பார்த்த நகரங்களில் அது அவசியமும்கூட. ஆனால் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட தேய்மானத்துக்கு எந்தக் காப்பீடும் பணம் தராது.

இந்த வேலைகளைச் செய்து தரும் மனிதர்களையும் மறக்க வேண்டாம். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், தெருமுனை மெக்கானிக், இவர்களை அவசரத்துக்கு மட்டும் தேடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி, பார்த்ததற்கே கூலி கொடுங்கள். மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் காற்றோட்டம் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். மாடி விளிம்பில் வேலை பார்ப்பவருக்குக் கயிறும் துணைக்கு ஓர் ஆளும் இருக்கட்டும்.

கடைசியாக, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு. அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். தீபாவளிக்குப் பெரிய டி.வி. அனுப்புகிறீர்கள், சந்தோஷம். 70 வயதுத் தந்தை ஏணி ஏறி மாடிக் குழாயில் அடைத்த சருகை எடுப்பது உங்களுக்குத் தெரியுமா? குளியலறை சுவிட்சைத் தொட்டால் 'சுர்' என்கிறது என்று அம்மா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கவலைப்படுவீர்களே என்று மறைத்திருப்பார். இந்த முறை ஊருக்குப் போகும்போது புதிய பொருள் எதுவும் வாங்கிப்போக வேண்டாம். ஒரு கொத்தனாரையும் ஓர் எலக்ட்ரீஷியனையும் அழைத்துக்கொண்டு போய் அந்த வீட்டை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கு அதைவிடப் பெரிய பரிசு இந்த மழைக்காலத்தில் வேறில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருமாக மாடிக்கு ஏறுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாட்டம் என்றால் என்ன, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டுங்கள். இறங்கி வந்ததும் மாத பட்ஜெட் நோட்டில் 'வீட்டுப் பராமரிப்பு' என்று ஒரு வரி எழுதி, அதற்கு நேராக உங்களால் முடிந்த ஒரு தொகையைப் போடுங்கள். மழை வருவதற்குள் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்